ஒரு விரல் அகலம்

பஞ்சை வெட்டுவதற்கு முன் தையற்காரம்மா முழங்கையால் குத்திப் பார்ப்பாள். நான்கு அங்குலக் கனத்தில் மேசைமேல் கிடக்கும் நுரைப்பஞ்சில் வலது முழங்கையை ஊன்றி, உடம்புப் பாரம் முழுவதையும் அதில் இறக்கி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். முழங்கை எலும்பு அடியில் இருக்கும் மரத்தைத் தொட்டுவிட்டால் அந்தப் பஞ்சு ஆகாது. “சதை இல்லாத பிள்ளைங்க இடுப்பெலும்பு இப்படித்தான் குத்தும். கையால அமுக்கிப் பாத்தா மெத்துனுதான் இருக்கும். கை பொய் சொல்லும்.” ஒன்பது வருடக் குத்தலில் அந்த முழங்கை கறுத்துக் காய்த்துப்போயிருக்கிறது.

தேவாலயத்துக்குப் பின்னால், உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருந்த தகரக் கொட்டகைதான் பட்டறை. யார் யாரோ கொடுத்த பழைய சக்கர நாற்காலிகள் அங்கே வந்து குவியும். அவற்றைப் பிரித்து, அறுத்து, பற்றவைத்து, கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில் நடக்க முடியாமல் கிடக்கும் பிள்ளைகளின் அளவுக்கு ஆக்கி, வருடத்துக்கு ஒரு தடவை கப்பலில் அனுப்புகிறார்கள். இரும்பு வேலை, ‘இஞ்ச்’ என்று எல்லாரும் கூப்பிடுகிறவனுடையது. ஐம்பதைத் தொடும் ஃபிட்டர். பசிக்கிறது என்று சொன்னால்கூட எத்தனை இஞ்ச் பசி என்று கேட்பவன். இருக்கை, முதுகுத் திண்டு, பட்டை எல்லாம் தையற்காரம்மாவினுடையது. இங்கே வருவதற்கு முன் இருபது வருடம் பஸ் சீட் தைத்தவள். “அதுல உக்காந்தவனெல்லாம் எறங்கி நடந்து போயிட்டான். இதுல உக்காருறது எறங்காது. ரெண்டும் ஒரே தையலா?” என்பாள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படிவம் வரும். எண், வயது, எடை, ஏழு அளவுகள், மூலையில் ஒரு புகைப்படம். பெயர் இருக்காது. அது அவளுக்கு ஆகவே ஆகாது. நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டால் எந்தப் பிள்ளை திரும்பிப் பார்க்கும் என்று கேட்டுவிட்டுத் தானே பெயர் வைத்துவிடுவாள். முறைப்பு. காது. பல்லழகி. போன வருடம் வந்த இருநூற்றுப் பதினாலுக்கு மந்திரி என்று பெயர். ஒன்பது வயதுப் பையன். சுவரில் சாய்த்து உட்காரவைத்து எடுத்த படத்தில், மனுக்கொடுக்க வந்த கூட்டத்தைப் பார்ப்பதுபோல் மோவாயைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

“மந்திரி சீட்டு ஆச்சாக்கா?” என்று இஞ்ச் அப்போது கேட்டான்.

“அவரு பொறுமையாத்தான் இருக்காரு. நீதான் பறக்குற.”

“வெள்ளிக்கிழம பதவியேற்பு. கப்பல்காரன் உங்களுக்காக நிக்க மாட்டான்.”

பட்டறையில் வேலை நடக்கிற முறை ஒன்று உண்டு. முதலில் அவள் பஞ்சை வெட்டுவாள். அந்தப் பஞ்சை அளந்து அதற்கேற்ப இஞ்ச் குழாயை அறுப்பான். படிவத்தை அவன் பார்ப்பதே இல்லை. “அக்கா வெட்டுனா வெட்டுனதுதான். எனக்கு எதுக்குக் காயிதம்?”

அவன் பார்க்காதது அவளுக்கு வசதியாக இருந்தது. படிவத்தில் இடுப்பு அகலம் பன்னிரண்டு என்றிருந்தால் பன்னிரண்டுக்குச் சாக்பீஸ் கோடு போடுவாள். பிறகு இரண்டு பக்கமும் கோட்டுக்கு வெளியே ஒரு விரலை வைத்து, அந்த விரலுக்கு அப்பால் வெட்டுவாள்.

அவளுடைய மகனும் உட்கார முடியாதவன்தான். பதினோரு வருடம் இருந்தான். அவனுக்கு ஆறு வயதாகும்போது அவள் கணவர் பலகையில் ஒரு இருக்கை அடித்துக் கொடுத்தார். கச்சிதமாக இருந்தது. மகன் வளர்ந்தான். பேச்சு வராதவன், நெருக்குகிறது என்று சொல்லத் தெரியவில்லை. முனகியதைப் பசி என்று நினைத்துச் சோறூட்டியிருக்கிறாள். பலகை அழுத்தி இரண்டு இடுப்பிலும் தோல் பிய்ந்ததை ஒருநாள் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே ஒரே ஒரு தடவை இஞ்ச்சிடம் சொன்னாள்: “பெத்த பிள்ள வளந்தது தெரியாம இருந்தவ நான்.” அன்று சாயங்காலம்வரை அவன் அளவு எதையும் பேசவில்லை.

அங்கே அளந்து எழுதி, இங்கே தைத்து, கப்பலேறி இறங்கிப் பிள்ளையிடம் போய்ச் சேர ஏழெட்டு மாதம். அதற்குள் வளராத பிள்ளை உண்டா? அதனால்தான் அந்த விரல்.

இந்த வருடப் படிவங்கள் வந்த அன்று, டீ நேரத்தில், போதகர் ஒரு கடிதத்தையும் வாசித்தார். அங்குள்ள நர்ஸ் எழுதியது. இருநூற்றுப் பதினாலுக்கு நாற்காலி அகலமாக இருக்கிறது. பையன் ஒரு பக்கமாகச் சரிந்துவிடுகிறான். தாய் துணியால் கட்டி உட்காரவைத்ததில் இடது இடுப்பில் புண் வந்து ஆற மூன்று மாதம் ஆயிற்று. இப்போது படுக்கையில்தான் கிடக்கிறான். வாசலில் போட்டிருக்கும் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். இது தசை கரைகிற நோய். வரவரக் கரையத்தான் செய்யும். புதிய அளவுகள் இத்துடன்.

படிவத்தை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். இடுப்பு அகலம் பதினொன்றேகால். படத்தில் அதே மந்திரி, மோவாய் உயர்ந்துதான் இருந்தது. படத்தின் ஓரத்திலிருந்து ஒரு பெண்ணின் கை நீண்டு அந்த மோவாயைத் தாங்கிப் பிடித்திருந்தது.

“அளந்தவங்க தப்பா அளந்திருக்காங்க, பாவம்” என்றார் போதகர். “நாம என்னம்மா செய்ய முடியும்? ஒரு பிள்ளைக்கு ஒரு நாற்காலிதான். அறுபது பேர் வரிசையில இருக்காங்க. இவனுக்கு அடுத்த வருசம் பாப்போம்.”

அடுத்த வருடம் என்ற சொல்லை அவள் மெதுவாகத் தனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

“அவங்க சரியாத்தான் அளந்தாங்க ஐயா. நான்தான் கூட்டி வெட்டுனேன்.”

இஞ்ச் டம்ளரைக் கீழே வைத்தான். “எவ்வளவு?”

“ஒரு விரல்.”

“ஒரு பக்கமா?”

“ரெண்டு பக்கமும்.”

“ஒன்றரை இஞ்ச்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. “எத்தன பிள்ளைக்குக்கா?”

“எல்லாத்துக்கும்.”

போதகர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மற்றவர்களைப் பற்றி ஒரு குறையும் வந்ததில்லை. காது மூன்றாவது வருடமும் அதே நாற்காலியில்தான் பள்ளிக்கூடம் போகிறான். மற்ற மிஷன் கொடுத்தது இரண்டு வருடத்தில் நெருக்கிவிட்டது, உங்களுடையது எப்படியோ நீடிக்கிறது என்று அதே நர்ஸ் முன்பு எழுதியிருக்கிறாள். அதை வாசித்துவிட்டுப் போதகர் கர்த்தருக்கு நன்றி சொன்னார். அவளும் தலைகுனிந்து ஆமென் சொன்னாள்.

“ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

“சொன்னா வேணாம்பீங்க.”

வேண்டாமென்றுதான் அவர் சொல்லியிருப்பார்.

“நாற்காலி கேக்கல ஐயா. பழைய நாற்காலி அகலத்துக்கே ஒரு பஞ்சுக் கட்டை. நடுவுல அவன் இடுப்புக்கு ஒரு குழி. அத எடுத்து உள்ள வச்சா போதும். இது ரெண்டாவது நாற்காலி இல்ல. முதல் நாற்காலியில நான் முடிக்காத வேல.”

“பெட்டியில இடம் இருக்கா?” என்று போதகர் இஞ்ச்சிடம் கேட்டார்.

“என் மடியில வச்சாவது அனுப்பிடுறேன் ஐயா.”

வியாழக்கிழமை மதியம்வரை மற்றப் பிள்ளைகளின் வேலையை முடித்துக் கொடுத்தாள். எல்லாருக்கும் படிவத்தில் உள்ளதை உள்ளபடி. சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய பஞ்சுக் கட்டையை மேசைமேல் ஏற்றி, பதினொன்றேகாலுக்கு இரண்டு கோடு போட்டாள். இஞ்ச் பின்னால் வந்து நின்றான். கையில் டேப்.

“கோவிச்சுக்காதீங்க. இந்தத் தடவ நான் ஒருக்கா பாத்துடுறேன்.”

“பாரு தம்பி.”

குனிந்து அளந்தான். இந்த முனை, அந்த முனை, நடு. “நூல் பிசகல. வெட்டுங்கக்கா.”

அவள் கத்தியை எடுக்கவில்லை. கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குக் கப்பல் ஏறுனா அவன்கிட்ட எப்ப போகும்?”

“அதே கணக்குதான். இன்னும் அஞ்சாறு மாசம். இவங்க அளந்து அனுப்பியே ரெண்டு மாசம் ஆச்சு.”

விரலை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தாள். இந்த முறை உட்பக்கமாக. விரலை ஒட்டிச் சாக்பீஸால் இழுத்தாள். எதிர்ப்பக்கமும் அப்படியே ஒரு கோடு, உள்ளே. பழைய கோடுகளை உள்ளங்கையால் துடைத்தாள்.

இஞ்ச் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மேசையில் போன வருடப் படிவமும் இந்த வருடப் படிவமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவற்றை இப்போதுதான் முதல் தடவையாக வாசிக்கிறான். பன்னிரண்டு. பதினொன்றேகால். கழித்தல் அவனுக்கும் தெரியும்: ஒரே வருடத்தில் முக்கால் இஞ்ச் கரைந்திருக்கிறது, இனி இன்னும் வேகமாகக் கரையும். டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

இந்த வருடப் படிவத்தை எடுத்து, படம் மேசையைப் பார்க்கும்படி கவிழ்த்து வைத்தாள். பிறகு கத்தியை எடுத்தாள்.