ஆர்ச்சு வேலை

யுத்த காலத்துத் திருத்தணியில் ஆர்ச் என்ற இங்கிலீஷ் சொல்லுக்குத் தமிழ் தேடியவர் யாருமில்லை. ரயில் பாதைக்கு அடியில் ஓடை போகும் செங்கல் வளைவும் ஆர்ச்சு. கல்யாண வாசலில் மூங்கிலை வளைத்துக் கட்டுவதும் ஆர்ச்சு. பத்திரிகைக்கு எழுதும்போது நான் 'வளைவு' என்று போடுவேன். பேச்சில் எனக்கும் ஆர்ச்சுதான்.

மலைக்குப் போகும் தெருவின் முகப்பில் அரிசி வியாபாரி ஒருவர் செங்கல்லில் ஆர்ச் கட்டினார். மேல் வளைவு முடிந்துவிட்டது. சுண்ணாம்புக் காரை காயும்வரை அடியில் மரமுட்டுகள் நிற்க வேண்டும். அதற்குள் ஆடிக் கிருத்திகை நெருங்கிவிட்டது. தோளில் வரும் காவடி எதிலும் இடிக்கக் கூடாது, தாழவும் கூடாது. முட்டுகளை எடுக்கச் சொன்னார் வியாபாரி.

கொத்தனார் அரக்கோணத்து முஸ்லிம். "நேத்து மழை பேஞ்சுதே, காரை காஞ்சிருக்குமா பாய்?" என்று எதிர் டீக்கடைத் திண்ணையிலிருந்து கேட்டேன்.

"ஆர்ச்சு சார் இது. கல்லக் கல்லே புடிச்சிகினு நிக்கும்."

உள்ளே போய் முட்டுகளைத் தட்டியவர் பொதட்டூர்பேட்டை நெசவாளி. நூல் கிடைக்காமல் தறி நின்றுபோய், கூலிக்கு வந்தவர்.

"இன்னா பாவா, மாமியார் வூட்டு வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கிற? தட்டு!" என்று நெசவாளியை மச்சான் முறை வைத்துக் கேலி செய்தான் வெளியே நின்ற இன்னொரு கூலியாள்.

அவர் சிரித்துக்கொண்டே தட்டினார். கடைசி முட்டு சாய்ந்தது. மேலிருந்து காரை உதிர்ந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆர்ச் அவர்மேல் விழுந்தது.

கிருத்திகைக் கூட்டத்தோடு பஸ்ஸில் வந்திறங்கிய அவர் மனைவி வேலை நடக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு வந்தபோது, கொத்தனாரும் மற்றவர்களும் கையால் செங்கல்லை அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் விஷயத்தைச் சொன்னான். அந்த அம்மா திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உசுரு இருக்குதாங்க?"

"எடுத்துகினு இருக்காங்கம்மா."

அந்த அம்மா காலடியில் கிடந்த செங்கல் துண்டை ஓரமாக நகர்த்தினார்.

"ஆர்ச்சு வேலன்னுதான் சொல்லுவாரு. ஆர்ச்சுன்னா இன்னாங்க?"

வளைவாக அடுக்கிய கல் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தானே நிற்கும், கீழே தாங்கல் தேவையில்லை என்று விளக்கினேன்.

"அப்ப முட்டுக்கட்ட எதுக்கு வெச்சாங்க?"

"அது காயற வரைக்கும்."

"எடுக்கலாம்னு யாரு சொன்னது?"

நான் வியாபாரியைத் தேடினேன். அவர் அங்கே இல்லை. கொத்தனார் காதில் அது விழுந்திருக்க வேண்டும். அவர் கை நின்று, மறுபடி அள்ளியது.

வெளியே எடுத்தபோது மூச்சு இல்லை. காவடிகளைப் பக்கத்துச் சந்து வழியாகத் திருப்பிவிட்டார்கள். ஊரிலிருந்த வண்டிகள் எல்லாம் கிருத்திகைச் சவாரிக்குப் போயிருந்தன. டீக்கடைக்காரர் கயிற்றுக்கட்டில் கொடுத்தார். மூன்று முனைக்குக் கூலியாட்கள் வந்தார்கள். நான்காவது முனையைக் கொத்தனார் தோளில் வாங்கினார். அந்த அம்மா அவரைப் பார்த்தார், தடுக்கவில்லை. பொதட்டூர்பேட்டை ரோட்டில் நடந்தார்கள்.