தங்கபுஷ்பம் டீச்சர் சொல்லாத ஆமென்

வெள்ளைக்காரப் பிரசங்கியார் வருகிறார் என்று மயிலாப்பூரில் நோட்டீஸ் ஒட்டினால், சபை ஜனங்கள் முதலில் கேட்பது "மொழிபெயர்ப்பு யாரு?" என்பதுதான். வருகிறவர் எத்தனை பெரிய ஆளாக இருந்தால் என்ன, அவர் பேசுவது நூற்றில் பத்துப் பேருக்குத்தான் புரியும். பக்கத்தில் நின்று தமிழில் சொல்கிறவர் சொதப்பினால் கூட்டம் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து போய்விடும். "தங்கபுஷ்பம் டீச்சர்" என்று பதில் வந்தால் போதும், அடையாற்றிலிருந்தும் சைதாப்பேட்டையிலிருந்தும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

டீச்சர் ஐந்தடிகூட இல்லை. மைக்கை அவளுக்காக ஒரு முழம் இறக்க வேண்டும். ஆனால் பிரசங்கியார் கையை உயர்த்தினால் அவளும் உயர்த்துவாள், அவர் காலால் மேடையைத் தட்டினால் இவளும் தட்டுவாள். மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் புரியாத இடத்தில் "தேவன் பெரியவர்" என்று சொல்லிச் சமாளிப்பார்கள். இவள் அப்படிச் செய்யவே மாட்டாள். கசப்போ இனிப்போ, அவர் சொன்னது அப்படியே தமிழில் வந்து சேரும்.

ஜெபத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. எல்லோரும் கண்ணை மூடியிருப்பார்கள். வெள்ளைக்காரர் முடித்து ஆமென் என்றால் ஒருவரும் அசைய மாட்டார்கள். டீச்சர் தமிழில் முடித்து "ஆமென்" என்ற பிறகுதான் கூட்டம் நடக்கும் மைதானம் முழுக்க "ஆமென்" என்று எழும். யாரும் வகுத்த விதியில்லை, வருஷக்கணக்காக அப்படியே வந்துவிட்டது.

பகலில் அவள் மிஷன் பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் பூகோளம் எடுத்தாள். பள்ளியே எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வைக்க வேறு பள்ளி தேடி அலைய எந்தப் பெற்றோருக்குப் பொறுமை இருக்கிறது? பெண்களை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். வரைபடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நதிகளைக் காட்டும் முத்துலட்சுமி என்ற பெண்ணுக்கு இப்போதே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு ஆரம்பிக்க வேண்டும் என்று டீச்சர் பதினைந்து வருஷமாகக் கத்திக்கொண்டிருந்தாள். பழைய தலைமையாசிரியை காதில் போட்டுக்கொண்டதே இல்லை. அந்த அம்மாள் ஜூனில் ஓய்வு பெறுகிறாள், அடுத்தது தங்கபுஷ்பம்தான் என்று 1968 ஜனவரியில் எல்லோரும் பேசினார்கள். பள்ளியை நடத்தும் மிஷன் போர்டு அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

அந்தச் சமயத்தில் அதே போர்டின் அங்கத்தினரான ஹார்லன் மூன்று நாள் கூட்டத்துக்கு மெட்ராஸ் வந்து இறங்கினார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றார்கள்.

முதல் நாள் மாலை பாவமன்னிப்பைப் பற்றிப் பேசினார். நல்ல பிரசங்கம், ஜனங்கள் அழுதார்கள். இரண்டாம் நாள் பேச்சு வியட்நாமுக்குப் போய்விட்டது. எங்கள் தேசத்தில் பெரிய முடிவுகளை மண்டியிட்டு ஜெபித்துத்தான் எடுக்கிறோம் என்றார். தேவனை மறுக்கிறவர்களை எதிர்த்து நடக்கும் யுத்தம் தேவனுடைய யுத்தம், அங்கே குண்டு போடும் விமானிகள் அவருடைய ஊழியக்காரர்கள் என்றார். டீச்சர் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். கடைசியில் அவர் அறிவித்தார்: "நாளை அந்த விமானங்களுக்காக ஜெபிப்போம். ஊர் திரும்பியதும் எங்கள் சர்க்காரில் வெளிநாட்டு விவகாரங்களை முடிவு செய்கிற கமிட்டி முன்னால் பேசப் போகிறேன். இந்திய சர்க்கார் எங்களைக் குறை சொல்கிறது. ஆனால் மெட்ராஸ் விசுவாசிகள் ஐயாயிரம் பேர் ஒரே குரலில் ஆமென் சொன்னார்கள் என்று அங்கே சொல்வேன்."

வழக்கமாக அவளை வீட்டில் கொண்டுவிடும் ரிக்ஷாக்காரர் அன்வர் பாஷா வேலிக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"இன்னா டீச்சர், உங்க சாமி சண்டைக்குப் போறாரா?"

"எங்க சாமி போகலை, பாஷா. அந்த ஐயா இழுத்துக்கிட்டுப் போறார்."

"அத்த நீதானம்மா மைக்ல சொல்லிக்கினு இருந்தே?"

டீச்சருக்குச் சுருக்கென்றது.

குண்டு என்றால் என்ன என்று அந்த மைதானத்தில் தெரிந்தவர்கள் சிலர்தான், அவர்களில் அவள் ஒருத்தி. அப்பா ரங்கூனில் அரிசி மில் குமாஸ்தா. 1941 கிறிஸ்துமஸ் அன்று கோயில் விட்டு வெளியே வந்தபோது ஜப்பான் விமானங்கள் வந்தன. கையைப் பிடித்துக்கொண்டு வந்த தங்கைக்கு ஒன்பது வயது. பிறகு பிடித்த கை மட்டும் இருந்தது. அதற்கு மேல் அவள் யாரிடமும் சொன்னதில்லை. மேலே இருந்து வருகிறவன் யாருடைய ஊழியக்காரன் என்று கீழே இருக்கிற ஒன்பது வயதுப் பெண் கேட்டுக்கொண்டா நிற்பாள்?

மறுநாள் காலை போதகர் ராஜரத்தினத்தின் வீட்டுக்குப் போனாள்.

"ஐயா, பிரசங்கம் எதுவானாலும் மொழிபெயர்க்கறேன். அந்த ஜெபம் மட்டும் வேணாம்னு அவர்கிட்டச் சொல்லுங்க."

போதகர் கெட்டவரில்லை, பயந்தவர். "நம்ம பிள்ளைங்க மத்தியானம் குடிக்கிற பால்பவுடர் எங்கேருந்து வருது டீச்சர்? கோயில் கூரை யார் போட்டது?"

"பாலுக்கு நன்றி சொல்லலாம் ஐயா, ஆயிரம் தடவை சொல்லலாம். குண்டுக்கு எப்படி ஆமென் சொல்றது?"

"ஜெபம் அவரோடது. நீங்க வெறும் குழாய்."

"குழாய்ல வர்ற தண்ணியைத்தானே ஜனங்க குடிக்கறாங்க?"

போதகர் பெருமூச்சு விட்டார். "இன்னிக்கு ஒரு சாயங்காலம். பல்லைக் கடிச்சிக்கிட்டு முடிச்சிடுங்க. ஜூன் மாசத்தை நினைச்சுக்குங்க."

ஜூன் மாசத்தைத்தான் அவள் நினைத்துக்கொண்டே இருந்தாள். தலைவலி என்று வீட்டில் படுத்துவிடலாமா என்றும் யோசித்தாள். படுத்தால் கூட்டத்தை நடத்தும் சபைக் கமிட்டியில் இருக்கும் எவனாவது மைக்கைப் பிடிப்பான், ஆமென் என்று அலறுவான், ஐயாயிரம் பேரும் பின்னாலேயே சொல்லிவிடுவார்கள். சொன்னது இன்னதென்று அவர்களுக்கே தெரியாமல் அது கடல் கடந்து போய்விடும். ஐந்து மணிக்குச் சேலையை மாற்றிக்கொண்டு ரிக்ஷாவில் ஏறினாள்.

ஹார்லன் பிரசங்கத்தை முடித்துக் கண்ணை மூடினார். மைதானமும் மூடியது. அவர் ஒவ்வொரு வாக்கியமாக ஜெபித்தார், டீச்சர் ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னாள். ஆண்டவரே, விமானங்களின் சிறகைத் தாங்கும், குறி தப்பாமல் இருக்கச் செய்யும், எதிரியின் ஊர்களை நொறுக்கும். எதையும் மழுப்பவில்லை. என்ன கேட்கப்படுகிறது என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா?

"ஆமென்" என்றார் ஹார்லன்.

டீச்சர் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

லஸ் பக்கம் பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. ஹார்லன் இன்னும் உரக்க "ஆமென்!" என்றார். ஒவ்வொரு கண்ணாகத் திறந்தது. போதகர் நாற்காலியில் நெளிந்துகொண்டே "டீச்சர், டீச்சர்" என்று கிசுகிசுத்தார். அவள் மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"இது ஐயா பண்ணின ஜெபம். ஒரு வார்த்தை விடாம உங்களுக்குச் சொல்லிட்டேன். ரங்கூன்ல குண்டு விழுந்த இடத்துல நான் நின்னிருக்கேன். பகைவரை நேசிக்கச் சொன்னவர்கிட்ட இதைக் கேக்க எனக்கு வாய் வராது. நான் ஆமென் சொல்ல மாட்டேன். உங்களுக்குச் சரின்னு பட்டா நீங்க சொல்லுங்க."

முன்வரிசையில் கமிட்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சொன்னார்கள். அத்தனை பெரிய மைதானத்தில் அது யாரோ இருமியது போல இருந்தது. மற்றவர்கள் சொல்லவில்லை. ஐயாயிரம் பேர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். என்ன சொன்னாய் என்று ஹார்லன் கேட்டார். டீச்சர் அதையும் ஆங்கிலத்தில் அப்படியே சொன்னாள். அவர் முகம் சிவந்து மேடையை விட்டு இறங்கினார்.

மறுநாள் காலை ராஜரத்தினம் டைப் அடித்த ஒரு காகிதத்தோடு வந்தார். மேடையில் மயக்கம் வந்ததால் தன் நினைவில்லாமல் பேசிவிட்டதாகவும், தானும் சபையாரும் ஐயாவின் ஜெபத்தோடு ஒருமனப்பட்டிருப்பதாகவும் அதில் இருந்தது. ஹார்லன் அதைக் கையோடு எடுத்துப் போவாராம்.

"எனக்கு மயக்கம் வரலை ஐயா. வந்தது அவருக்குத்தான்."

"விளையாடாதீங்க டீச்சர். ஒரு கையெழுத்து. ஜூன்ல ஸ்கூல் உங்க கையில. ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, என்ன வேணும்னாலும் ஆரம்பிங்க. அந்த முத்துலட்சுமியை நினைச்சுப் பாருங்க."

அடிக்க வேண்டிய இடம் பார்த்து அடித்தார். டீச்சர் காகிதத்தை வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தாள்.

"தலைமையாசிரியையா உட்கார்ந்து அந்தப் பொண்ணுக்கு நான் என்ன சொல்லிக்குடுக்கறது ஐயா? யார் என்ன நீட்டினாலும் கையெழுத்துப் போடுன்னா? அதை அவங்க வீட்டுலயே சொல்லிக்குடுத்துடுவாங்க."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஜூனில் வெளியூரிலிருந்து வேறொரு அம்மாள் தலைமையாசிரியையாக வந்தாள். ஒன்பதாம் வகுப்பு வரவில்லை. ஆவணியில் முத்துலட்சுமி மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்துக்கொண்டு வகுப்பு வாசலில் வந்து நின்றாள். அன்று டீச்சர் பிள்ளைகள் முன்னாலேயே அழுதாள். வீட்டுக்குப் போயும் அழுதாள். அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்கலாம் என்று மட்டும் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. பாவம் என்று யாராவது உச்சுக்கொட்டினால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

மேடைக்கு அவளை யாரும் மறுபடி கூப்பிடவில்லை. அவளும் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தவில்லை. கோயில் யார் அப்பன் வீட்டுச் சொத்து? பெண்கள் பக்கத்தில் நடுவாகப் பாயை விரித்து உட்கார்ந்துகொள்வாள்.

மூன்று வருஷம் கழித்து இன்னொரு வெளிநாட்டுப் பிரசங்கியார் வந்தார். மொழிபெயர்த்தவன் பெருங்குரல் படைத்த ஒரு வாலிபன். நீளமாக ஜெபித்து "ஆமென்!" என்று முழங்கினான். மைதானத்திலிருந்து சத்தமே இல்லை. பயந்துபோய்க் கண்ணைத் திறந்து பார்த்தான். பெண்கள் பக்கம் முழுவதும் தலையைத் திருப்பித் தங்கபுஷ்பம் டீச்சரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆண்களும் எட்டிப் பார்த்தார்கள்.

அன்றைக்கு ஜெபம் மழைக்காக. டீச்சர் அதை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். குறை ஒன்றும் தெரியவில்லை.

"ஆமென்" என்றாள் உரக்க. அதற்குப் பிறகுதான் மைதானம் சொன்னது.