ஈர்க்குச்சித் தண்டவாளம்

எனக்குப் பயம் வந்தால் வேடிக்கையாகப் பேசத் தொடங்கிவிடுவேன். பேசுகிற வேகத்தில் யாருக்காவது எதையாவது செய்து தருவதாகச் சொல்லிவிடுவேன். சொன்ன பிறகு முன்னைவிடப் பெரிய பயம் வரும். ஐம்பத்து மூன்று வயது வரை இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. எதிர்வீட்டு நண்பருக்காக நான் ரயில் விட்டதும் இப்படி ஒரு சுற்றில்தான்.

அப்போது நான் திருவாரூரில், பொதுப்பணித் துறையில் படம் வரைபவன். ஆறு, வாய்க்கால், மதகு, கலிங்கு எல்லாம் காகிதத்தில் என் கையால்தான் பாயும். நண்பர் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் நின்று, வண்டி எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பிவிடுகிற வேலை. என்னைவிட ஐந்து வயது இளையவர். அதிகம் பேசமாட்டார். அதனாலேயே நான் அவரிடம் அதிகம் பேசினேன்.

யார்டில் வேகன்களைப் பிரித்துக் கோப்பதை மேற்பார்க்கும் ஷண்டிங் மாஸ்டர் தேர்வுக்கு அவர் போக வேண்டியிருந்தது. இரண்டு முறை எழுதித் தவறியிருந்தார். இந்த முறையும் தவறினால் ராமேஸ்வரம் பக்கம் மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு. மாற்றலில் அவருக்குப் பயமில்லை. பயம் அவருடைய அப்பாவைப் பற்றியது. நன்னிலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அப்பா பதினைந்து வருடமாக ஒன்பது மா நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். சாகுபடி செய்கிறவர் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்த புதிது. மன்னார்குடியில் இருந்த நிலச் சொந்தக்காரர், "அவன் குத்தகைதாரனே இல்லை, கூலியாள்" என்று மனு கொடுத்துவிட்டார். தாசில்தார் முன்னால் விசாரணை. குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நண்பர் ஒருவர்தான். சொந்தக்காரருக்காக நிலத்தைக் கவனிக்கும் காரியக்காரர் வரப்பில் வந்து நின்று மிரட்டும்போதெல்லாம், இவர் காக்கிச் சட்டையோடு போய் எதிரே நிற்பார். இவர் ராமேஸ்வரத்துக்குப் போய்விட்டால் நிலமும் போய்விடும். அவ்வளவுதான் கணக்கு.

"எழுத்துல பயமில்ல சார். நேர்ல கேப்பாங்கள்ல, அங்கதான் மாட்டிக்கிறேன். படத்தக் குடுத்து, இந்த வேகன இந்த சைடிங்ல வை, அந்த வேகன மில்லுக்குக் கொண்டுபோன்னுவாங்க. எடத்துல நின்னா செஞ்சிருவேன். காகிதத்தப் பாத்தா தலைகீழாத் தெரியுது."

அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. வாய் திறந்துகொண்டது.

"ஏம்ப்பா, காவேரியையே கட்டி இழுத்து வயல் வயலாத் திருப்பிவிடறவன் நான். நாலு தண்டவாளம் எனக்கு எம்மாத்திரம்? ஒரு பொம்மை யார்டே செஞ்சு தர்றேன். உக்காந்து தள்ளிப் பழகு."

ஆபீசில் கழித்துப் போட்டிருந்த பெரிய வரைபலகை ஒன்றைச் சொல்லிக் கேட்டு வாங்கி வந்தேன். புது விளக்குமாறு ஒன்றைப் பிரித்து ஈர்க்குச்சிகளைத் தண்டவாளமாக ஒட்டினேன். தீப்பெட்டிகள் வேகன். இன்ஜினுக்கு ஒரு சோப்பு டப்பா. ஒன்றோடொன்று கோத்து இழுக்க மனைவியின் கொண்டை ஊசிகள். நெல் கோடவுன், அரவை மில், உரக் கொட்டகை என்று மெயின் லைனிலிருந்து பிரியும் மூன்று சைடிங். ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை, கிளையிலிருந்து வயல். அந்த அழகிலேயே வரைந்திருந்தேன். எல்லாக் கிளையும் கிழக்கே பார்த்து இதமாகச் சாய்ந்து போயிற்று. மேலதிகாரி பார்த்திருந்தால் கையெழுத்தே போட்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நண்பர் வந்தார். பலகையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். சோப்பு டப்பாவை முன்னால் வைத்து, மூன்று தீப்பெட்டியைப் பின்னால் கோத்து, மேற்கிலிருந்து இழுத்துவந்து மில் சைடிங்கில் நுழைத்தார். சோப்பு டப்பா கடைசியில் முட்டிக்கொண்டு நின்றது. அதன் பின்னால் மூன்று தீப்பெட்டிகள்.

"சார், இப்ப இன்ஜின் எப்படி வெளிய வரும்?"

பார்த்தேன். வராது. வேகன்களை விட்டுவிட்டு இன்ஜின் மட்டும் திரும்ப வேண்டும், ஆனால் வழியை அடைத்துக்கொண்டு நிற்பதே அந்த வேகன்கள்தான்.

"ஒரு யோசனை சொல்றேன். இன்ஜினை இப்படி மேலே தூக்கி..."

"ரயில்வேயில அப்படித் தூக்க ஆள் கிடையாது சார்."

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் பிறந்த வீட்டில் பத்து வேலி விவசாயம்.

"என்னங்க, உள்ள போறதுக்கு வாய்க்கா போட்டீங்க. வடிகா எங்க? தண்ணி நின்னா பயிர் அழுகிடாது?"

நண்பர் முதல்முறையாகச் சிரித்தார். "அதேதாம்மா. நாங்க லூப்புன்னுவோம்."

இருபது வருடமாக வடிகால் வரைந்தவனுக்கு அது தோன்றவில்லை. தண்ணீர் திரும்பி வரத் தேவையில்லை. இன்ஜின் திரும்பி வந்தாக வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்துக்காக அன்று மத்தியானம் முழுக்க ஈர்க்குச்சிகளைப் பெயர்த்தேன்.

இரண்டாவது திட்டத்தில் மெயின் லைன் ஓரமாகவே இரண்டு பக்கமும் சேர்கிற மாதிரி ஒரு லூப் போட்டேன். வேகன்களை நிறுத்திவிட்டு, இன்ஜின் அவற்றைக் கடந்து சுற்றிக்கொண்டு பின்பக்கம் வரலாம். நண்பர் இன்ஜினைக் கழற்றி முன்னால் நகர்த்தினார். லூப்பில் திரும்ப வேண்டுமானால் அது முழு நீளத்துக்கும், தண்டவாளம் பிரிகிற பாயிண்டைத் தாண்டி நிற்க வேண்டும். தாண்டி நிற்க நான் விட்டிருந்த இடம் நான்கு விரல். இன்ஜினின் நீளம் ஆறு விரல். சோப்பு டப்பா பலகையின் விளிம்பில் சாய்ந்து, யோசித்து, கீழே இருந்த மோர்ச் செம்பில் விழுந்தது.

"கடல் வந்திருச்சு. நாகப்பட்டினம்! எல்லாரும் எறங்குங்க" என்றேன்.

நண்பர் சிரிக்கவில்லை. மோரில் நனைந்த டப்பாவைத் துடைத்துவிட்டு, "இன்னும் எட்டு நாள் இருக்கு சார்" என்றார்.

அந்த எட்டு நாளும் எனக்கு ஆபீசில் ஒன்றும் ஓடவில்லை. ஒரு மதகுப் படத்தில் ஷட்டருக்குப் பக்கத்தில், தண்டவாள முடிவில் வண்டியைத் தடுக்கிற பஃபர் வரைந்து வைத்திருந்தேன். மூன்றாவது திட்டத்தில் இன்ஜின் நின்றது, திரும்பியது, ஆனால் உரக் கொட்டகைக்குப் போக வேண்டிய வேகன் எப்போது பார்த்தாலும் நடுவில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க முன்னால் இருப்பதை எங்காவது வைக்க வேண்டும். வைத்தால் பின்னால் இருப்பதற்கு வழியில்லை. எது முன்னால், எது பின்னால் என்பதே ஒரு கட்டத்தில் எனக்கு மறந்துவிட்டது. தீப்பெட்டிகளில் நெல், உரம், காலி என்று எழுதி ஒட்டினேன். பிறகு ஒட்டியதை மாற்றி ஒட்டிவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது.

நண்பர் மட்டும் தெளிவாகிக்கொண்டே வந்தார். நான் திணறத் திணற அவர் எனக்கு விளக்கினார். "இத இங்க விட்டு வைங்க சார். இப்ப அது வேணாம். மொதல்ல எதக் கடைசியா வைக்கணும்னு பாருங்க." அவருக்கு நான் உதவி செய்வதாகத்தான் ஏற்பாடு. ஆறாம் நாள் கவனித்தேன், பாடம் எனக்குத்தான் நடந்துகொண்டிருந்தது.

தேர்வன்று நானும் லீவு போட்டுத் திருச்சிக்குப் போனேன். ரயில்வே ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றேன். இரண்டு மணி நேரம் கழித்து அவர் வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"படம் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. செஞ்சுட்டேன். பதினோரு அசைவுல."

"அப்ப என்ன? வா, காபி சாப்பிடலாம்."

"அதுக்கப்புறம் பெரிய அதிகாரி இன்னொண்ணு கேட்டாரு சார். நம்ம பக்கத்துல கூலித் தகராறு நடக்குதுல்ல. மில் சைடிங்ல ஐம்பது பேர் உக்காந்திருக்காங்க. வேகன உள்ள வைன்னு உனக்கு உத்தரவு. என்ன செய்வேன்னாரு."

"என்ன சொன்னே?"

"கொடி காட்டி வண்டிய நிறுத்துவேன், ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சொல்லி அனுப்புவேன்னேன். அவங்க எழுந்திருக்கலன்னா?ன்னாரு. வண்டியும் நிக்கும்னேன். உன் சாதிசனம் அதுல உக்காந்திருக்குமோன்னு சிரிச்சாரு."

"நீ?"

"இருக்கும்ங்க, எங்கம்மாவே இருக்கும். யாருமே தெரியாதவங்களா இருந்தாலும் நிறுத்துவேன்னேன். எழுதிக்கிட்டாரு."

போச்சு என்று நினைத்தேன். ராமேஸ்வரத்தில் மீன் நன்றாக இருக்கும், நானும் வருகிறேன் என்று ஏதேதோ உளறினேன். திரும்பி வருகிற வண்டியில் அவர் தூங்கிவிட்டார். நான் தஞ்சாவூர் வரை மனத்துக்குள் மூன்று தீப்பெட்டிகளை மாற்றிக் கோத்துக்கொண்டே வந்தேன்.

புரட்டாசியில் பட்டியல் வந்தது. தேறிவிட்டார். வேலை திருவாரூரிலேயே. இதை எனக்குச் சொன்னவர் ஸ்டேஷன் டீக்கடைக்காரர். நண்பர் செய்தி தெரிந்ததும் நேரே ஊருக்குப் போயிருந்தார். அன்று அப்பாவின் வயலில் நடவு. நடவை நிறுத்துவேன் என்று காரியக்காரர் சொல்லி அனுப்பியிருந்தாராம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நன்னிலம் பஸ் ஏறினேன்.

வரப்பில் குடையோடு காரியக்காரர் நின்றுகொண்டிருந்தார். எதிரே நண்பர். நடுவில் சேற்றில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா கட்டிவைத்த நாற்று முடிகளை எடுத்து அங்கங்கே வீசிக்கொண்டிருந்தார்.

"ஒம் மவன் எங்கயோ தூரமாப் போறான்னாங்களே?" என்று காரியக்காரர் அப்பாவிடம் கேட்டார்.

"இல்லீங்க. இங்கதாங்க, திருவாரூர்ல."

காரியக்காரர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. ஏதாவது செய்ய வேண்டும் என்று காலடியில் கிடந்த நாற்று முடி ஒன்றை எடுத்து ஒரு பெண்ணை நோக்கி வீசினேன். அது அவள் தலைக்கு மேலே போய், வரப்பைத் தாண்டி, சொந்தக்காரரின் பண்ணை வயலில், காரியக்காரரின் காலுக்குப் பக்கத்தில் விழுந்து அவர் வேட்டியெல்லாம் சேறாக்கியது.

"அய்யோ சார்!" என்றார் நண்பர். பெண்கள் நிமிர்ந்து சிரித்தார்கள்.

காரியக்காரர் குனிந்து அதை எடுத்தார். தண்ணீர் சொட்டியது. சுற்றிலும் இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது யாரு நாத்து?" என்றார்.

"எங்களுதுங்க" என்றார் அப்பா. "எங்க வயல்லயே போட்டுருங்க."

காரியக்காரர் சுற்றிலும் பார்த்தார்; திருப்பிப் போட்டால் அது அவர்கள் வயல் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. பிறகு வீசினார். அது சரியாக அப்பாவின் காலடியில் வந்து விழுந்தது. அப்பா முடியை அவிழ்த்துப் பெண்களிடம் கொடுத்தார்.