முள்ளைப் பெயரில் வைத்திருந்த மரம்

சம்மாந்துறைப் பக்கம் இருக்கிற வயல் பூமி என் உம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது. அதன் மேற்கு எல்லையில் கருவேல மரங்கள் வரிசையாக நின்றன. விரல் நீள முள். மாடு என்ன, நாய்கூட நுழைய யோசிக்கும். அந்த வேலியை வெட்ட நானே கூலிக்கு ஆள் பிடித்தேன். என்மேல் எனக்கே கோபம்தான். ஆனால் முதல் கோபம் மரக்கன்று கொடுக்க வந்த அந்த அதிகாரிமேல்.

சட்டை கசங்காமல் வந்தான், என்னையும் உம்மா என்றே கூப்பிட்டான். "உம்மா, இது அக்கேசியா. உங்கட கருவேலத்துட குடும்பம்தான். கெதியா வளரும், பலகைக்கும் ஆகும்."

"முள்ளு இரிக்கா மனே?"

"பேரே முள்ளுதானே உம்மா! கிரேக்கப் பாஷையில முள்ளுக்குச் சொல்ற சொல்லால வந்த பேர்."

மரத்தைக் கேட்டேன், அவன் பெயரைச் சொன்னான். படித்த பிள்ளை என்று நம்பி, கருவேலத்தை வெட்டிவிட்டு அவன் தந்த கன்றுகளை நட்டேன்.

மூன்று வருஷம். மரங்கள் உயர்ந்தன, மஞ்சளாகப் பூத்தன. கிளை கிளையாகத் தடவிப் பார்ப்பேன். ஒரு முள் கிடையாது. முத்தினால் வரும் என்றேன், எனக்கு மூத்தவரான காக்காவிடம்.

"ஓம் தங்கச்சி, உன்ட வாயில புதுப் பல்லு முளைக்கிற அண்டைக்கு வரும்" என்று சிரித்தார் அவர்.

இந்தப் போகம், கதிர் பால் பிடிக்கிற நேரம், அந்த மரங்களுக்கு இடையால் எருமைகள் அவசரமில்லாமல் ஆறுதலாக நடந்து வந்தன. அரை ஏக்கர் வேளாண்மை போய்விட்டது.

போன கிழமை அவன் மறுபடி வந்தான், மரங்களோடு என்னைப் படம் எடுக்க. பெயரும் பெயர் வந்த கதையும் எழுதிய பலகை ஒன்றும் கையில்.

"முள்ளு எங்க மனே?"

"இந்தச் சாதிக்கு முள்ளில்ல உம்மா. முதல்ல அந்தப் பேர் வைச்சது எகிப்துல நிண்ட மரத்துக்கு."

"அது என்ன மரம்?"

பலகையைப் பார்த்தான், நிலத்தைப் பார்த்தான். "கருவேலம்தான்."

"அப்ப, நான் வெட்டினதுக்குத்தான் அந்தப் பேரா?"

"ஓம் உம்மா."

"கிரேக்கத்து எருமையா என்ட வேளாண்மையத் திண்ட? இந்த வயல் வட்டை எருமைக்குப் பேர் வாசிக்கத் தெரியாது. எனக்கும் அரைகுறைதான். முள்ளுக் குத்தினா ரெண்டு பேருக்கும் விளங்கும். படமும் வேணாம், ஒண்டும் வேணாம். பலகைய வைச்சிட்டுப் போ!"

வைத்துவிட்டுப் போனான். எருமை நுழைந்த இடத்தில் அதைக் குறுக்கே கட்டியிருக்கிறேன். குளத்தடியில் கருவேலங்காய் தின்றுவரும் என் ஆடுகளின் புழுக்கையை அதன் அடியில் கொட்டி வருகிறேன். அதில் இருக்கும் விதை நன்றாக முளைக்கும். முள் வந்த பிறகு வரட்டும் அவன், படம் எடுக்க.