நல்லதண்ணீர்க் கிணறு

பிள்ளைகளே, எங்கள் தீவின் நிலம், வரலாறு, சனத்தொகை எல்லாம் பள்ளிக்கூடத்தில் பேசவேண்டும், சொல்லித் தாருங்கள் என்று கேட்டீர்கள். இன்று காலை குடிதண்ணீர் கொண்டுவந்த பவுசர் வண்டியிலிருந்து கொஞ்சம் சிந்தி மண் மணத்தபோது எனக்கு ஒரு கிணற்றடிதான் நினைவில் வந்தது.

நான்கு பக்கமும் கடல், தோண்டிய இடமெல்லாம் உப்பு. ஊருக்கே ஒரேயொரு நல்லதண்ணீர்க் கிணறு காணிக்காரர் வளவுக்குள் இருந்தது. குறைந்த சாதி என்று சொல்லி எங்களை அதில் அள்ள விடாததால், தண்ணீர் இறைக்கும் துலா கிறீச்சிடுவதைக் கேட்டபடி, மண் சுட, அம்மா குடத்தோடு நிற்பார். காணிக்காரரின் மனைவி மனம் வந்தபோது வாளியை உயர்த்தி ஊற்றுவார்.

“தள்ளிப் பிடியடி, குடம் வாளியிலை முட்டப்போகுது.”

“ஓம் நாச்சியார்.”

வாசல் படலை தாண்டியதும் அம்மா சிரிப்பார்: “எங்கடை கை பட்டால் கிணறு உப்பாப் போயிடுமாம், மோனை!”

இதுதான் நான் அறிந்த வரலாறு. சண்டைக் காலத்தில் அவர்களும் போனார்கள், நாங்களும் போனோம், திரும்பி வந்தது நாங்கள் சிலர்தான், சனத்தொகை அவ்வளவுதான்.

இன்று நீங்கள் பள்ளிக்கூடம் போனபின் வாளியும் கயிறும் எடுத்துக்கொண்டு அந்தக் கிணற்றடிக்குத் தனியே போனேன். வளவு பற்றைக்காடு. தடுக்க ஒருவருமில்லை. அள்ளி வாயில் வைத்தேன்.

எங்கள் கை படாமலே அது உப்பாகியிருந்தது. துப்பாமல் விழுங்கினேன்.