தூர்வாரிய வாய்க்காலை மூடியவன்

எங்கள் ஊர் இளைஞர் மன்றத்துக்கு அப்போது நான்தான் செயலாளர். செம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் பி.காம் முடித்துவிட்டு வேலையில்லாமல் சுற்றியவன் நான் ஒருவன்தான் என்பதால், பதவியை என் தலையில் கட்டிவிட்டார்கள். மன்றத்தின் மொத்தச் சொத்து ஒரு கேரம் போர்டும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும். தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு நாள் திண்டுக்கல் அலுவலகம் ஒன்றிலிருந்து சுற்றறிக்கை வந்தது. தேசிய சேவை நாளன்று ஊருக்கு உபயோகமான வேலை செய்யும் மன்றங்களுக்கு நிதி கிடைக்கும் என்று அதில் இருந்தது. படித்ததும் எனக்கு வாய்க்கால்தான் ஞாபகம் வந்தது. அக்காவுக்காகத்தான்.

அக்காவுக்குக் கல்யாணமான ஆறாம் வருஷம் மாமா போய்விட்டார். மிஞ்சியது இரண்டு பெண் பிள்ளைகள், அரை ஏக்கர் கனகாம்பரம், ஒரு கிணறு. ஊர்க் குளத்தில் தண்ணீர் நின்றால்தான் கிணறு ஊறும். மலையிலிருந்து குளத்துக்கு வரும் வாய்க்கால் தூர்ந்துபோய் மூன்று வருஷமாகக் குளம் காய்ந்து கிடந்தது. இந்த மழைக்கும் ஊறாவிட்டால் நிலத்தை விற்றுவிட்டு நூல் மில்லுக்குப் போகவேண்டியதுதான் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி பிறந்ததுமே கன்னிவாடிப் பக்கம் மேகம் கூடியது. சேவை நாள்வரை பொறுத்திருக்க எங்களால் முடியவில்லை. மன்றத்தில் பன்னிரண்டு பேரும் இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் வாய்க்காலைத் தூர்வாரி முடித்தோம். வண்டிப்பாதைக்கு அடியில் உடைந்து கிடந்த குழாயை எடுத்துவிட்டு, நிதி வரும் என்ற தைரியத்தில் கடனுக்கு வாங்கிய சிமெண்டுக் குழாயைப் பதித்தோம். அக்கா எங்களோடு மண் சுமந்தாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினேன்.

"வேலைக்கு முன்னாடி எடுத்த போட்டோ எங்க தம்பி?" என்று கேட்டார் எழுத்தர்.

"எடுக்கல சார். வேலை முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சிருச்சா? சேவை நாளன்னைக்குத்தான வேலை நடக்கணும். ஆபீசரு நேர்ல வருவாரு. முன்ன, நடுவுல, பின்னன்னு மூணு போட்டோ. இல்லாட்டி ஒத்தப் பைசா வராது."

நேரே குழாய்க் கடைக்குப் போய் இன்னும் கொஞ்சம் தவணை கேட்டேன். கடைக்காரர் கோபப்படக்கூட இல்லை. "பணம் வரலைன்னா சொல்லு அப்பு. ஆள விட்டுக் குழாயத் தோண்டி எடுத்துக்கிறேன்" என்றார். குழாய் போனால் தண்ணீர் பாதையைத் தாண்டாது. செய்த வேலையெல்லாம் வீண்.

வேறு வழி தெரியாமல் அந்தக் கிறுக்குத்தனம் எனக்குத் தோன்றியது. அள்ளிப்போட்ட மண்ணைத் திரும்ப வாய்க்காலில் போடுவது, சேவை நாளன்று அதிகாரி முன்னால் மறுபடி அள்ளுவது. குழாய்க்கு மேற்புறம், தண்ணீர் வரும் பக்கமாக, நாற்பது அடி நீளத்துக்கு வாய்க்காலில் மண்ணைத் தள்ளினோம். பார்வைக்குப் பழசாகத் தெரியட்டும் என்று புல்லைப் பெயர்த்து வைத்தோம். ஒருவன் கருவேலங்கன்றுகூட நட்டான். சிரித்துக்கொண்டுதான் செய்தோம்.

அக்கா ஓடிவந்தாள். "மண்ணப் போடாதடா. மானத்தப் பாரு, மேகம் எறங்கி நிக்குது. கடன நான் பூ வித்து அடைக்கிறேன்."

"ரெண்டே நாள்தான்க்கா. அதுக்குள்ள வராது" என்றேன். என்னவோ மழை என்னிடம் தேதி சொல்லிவிட்டுப் போனதுபோல.

மறுநாள் காலையிலேயே மலை கறுத்துவிட்டது. மத்தியானம் தண்ணீர் வந்தது. மண்வெட்டியோடு ஓடிப்போய்ச் சேர்வதற்குள் நாங்கள் போட்ட மண்ணில் முட்டிப் பெருகி, இடது கரையை உடைத்துக்கொண்டு ரோட்டுப் பள்ளத்தில் பாய்ந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் மண்ணைத் தோண்டினோம். அக்கா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, உடைப்பில் கல்லைத் தூக்கித் தூக்கிப் போட்டாள். ஒன்றும் நிற்கவில்லை. குளம் இருந்த திசையையே பார்க்காமல் அவ்வளவு தண்ணீரும் போனது. நான் கரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அந்த வருஷம் வேறு மழை இல்லை.

அடுத்த நாள் சொன்னபடியே அதிகாரி வந்தார். உடைந்த கரையைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது. முதல் போட்டோவுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றார். அன்று முழுக்கக் கரையை அடைத்தோம். மூன்று போட்டோவும் நன்றாக விழுந்திருந்தன. தை மாசம் நிதி வந்தது, கடைக்காரருக்குக் கொடுத்தேன்.

அதே மாசம் அக்கா நிலத்தை விற்றாள். மில்லுக்குப் போன முதல் நாள், பஸ் நிறுத்தம்வரை நான் அவளோடு நடந்தேன். காறித் துப்புவாள், ஒரு வார்த்தையாவது திட்டுவாள் என்று வழியெல்லாம் காத்திருந்தேன். பஸ் வந்து நின்றதும் அவள் திரும்பி, "அந்தக் குழாய்க் காசக் குடுத்துட்டியாடா?" என்று கேட்டாள்.

"குடுத்துட்டேங்க்கா."

"அப்பச் சரி. இனிமே ஒன்னய யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.