வளைவுக்கு வளைவு ஒரு லொடக்

இன்று காலை ஈப்போவில் ஒரு பழைய ஆடம்பரக் காரை ஓட்டிப் பார்த்தேன். வாங்க இருந்தவன் கமுந்திங்கில் இருக்கும் நண்பன். "அண்ணே, நீங்க ஓகேன்னா எடுத்துக்கிறேன்" என்றிருந்தான்.

விற்பவர் ஓய்வுபெற்ற தாதி, எல்லாருக்கும் மிஸ்ஸி. தைப்பிங்கில் மகள் வீட்டோடு போகப்போகிறார். அங்கே கார் நிறுத்த இடமில்லை.

ஜெலாப்பாங் போகும்வரை வண்டியில் சத்தமே இல்லை. அங்கே பசாரில் நிறுத்தி, வீட்டுச் சாமான் வாங்கிப் பின்னால் வைத்தேன்.

திரும்பும்போது ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கம் 'லொடக்'.

இருபது வருட மெக்கானிக் இல்லையா நான்? மிஸ்ஸி வீட்டில் வண்டியை விட்டதும், அவர் காதுபடவே நண்பனுக்குப் போன் போட்டேன்.

"ஏர்கோன் ஒழுகுது, மூணாவது கியர் முரண்டு பிடிக்குது. அதெல்லாம் செஞ்சிக்கலாம். ஆனா பின்னால ஷாஃப்ட் போச்சுலா. வேணாம்."

மத்தியானம் மிஸ்ஸி கூப்பிட்டார்.

"தம்பி, காரின்ர பின்பெட்டியைத் திறந்தன். உங்கட தேங்காய் ஒண்டு உருண்டு கிடக்குது."

அந்த லொடக் எதுவென்று எனக்குப் புரிவதற்குள் அவரே தொடர்ந்தார்.

"கார் விலைபோகாட்டிப் பரவாயில்லை. மறைக்காமல் உள்ளதைச் சொன்னீங்கள். அடுத்த ஆள் வந்தாலும் உங்களைத்தான் கூப்பிடுவன்."

"சரி மிஸ்ஸி" என்று மட்டும் சொன்னேன்.

நண்பனிடமாவது சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டால், அவன் அதற்குள் வேறு கார் புக் பண்ணிவிட்டான். "நீங்க சொன்னதாலதான் தப்பிச்சேன், அண்ணே."

தேங்காயை எடுக்க இன்னும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

யாருக்காவது பழைய கார் வேணுமா? ஏர்கோன் ஒழுகும். ஷாஃப்ட்டுக்கு மட்டும் நான் கேரண்டி.